அட்டைச் சுவரும் மூன்று ஷிப்டும்

ஜிப்சம் போர்டு வேலை செய்கிறவனுக்கு ஈரமும் கரையானும் பெரிய எதிரிகள் இல்லை. "இது என்ன பெரிய வேலை, நானே பண்ணிக்கறேன்" என்று சொல்கிற வாடிக்கையாளர்தான் எதிரி.

மற்ற ஊர்களில் அப்படிப்பட்டவர் அங்கொருவர் இங்கொருவர் இருப்பார். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸுக்கு ஒருவர் இருக்கிறார். இவர் ஃபிட்டர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வெல்டர், எதிர்வீட்டுக்காரர் கிரேன் ஆப்பரேட்டர். மலை மாதிரி இயந்திரங்களைக் கழற்றி மாட்டுகிறவர்களிடம் போய், "இந்த அட்டை உங்களால் ஆகாது, என்னைக் கூப்பிடுங்கள்" என்று சொன்னால் எடுபடுமா? முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில் கடை போட்ட நாளிலிருந்து நானும் சொல்லித்தான் பார்க்கிறேன். இதைப் படிக்கிற தச்சர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் யாராவது இதே பாடு பட்டிருந்தால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் விடுங்கள். சொந்தமாகச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் தாராளமாக உட்காரலாம். அவதியில் நாமெல்லாம் சொந்தக்காரர்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. தகரச் சட்டத்தை நிறுத்தி, காகிதம் போர்த்திய ஜிப்சம் பலகையை இரண்டு பக்கமும் திருகி, இணைப்புகளில் டேப் ஒட்டிப் பூசித் தேய்த்தால் சுவர். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் அட்டைச் சுவர். அந்த 'அட்டை' என்ற சொல்லிலேயே என் தொழிலின் பாதி மரியாதை போய்விடுகிறது. மீதிப் பாதி எப்படிப் போனது என்பதற்குக் கந்தசாமி சார் வீட்டுக் கதை ஒன்றே போதும்.

பெல்ட்டுக்கே ஜாயிண்ட்

கந்தசாமி சார் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருப்பவர். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து வந்து இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர். அவருக்கு இருந்த ஒரே குறை தூக்கம். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீட்டுக்கு வந்தால் பகலில் படுக்க இடமில்லை. ஹாலில் டிவி, அறையில் பரீட்சைக்கு உரக்கப் படிக்கிற பிள்ளைகள், சமையலறையில் குக்கர், வாசலில் கீரைக்காரம்மா தொடங்கி கூரியர்க்காரர் வரை ஒரு ஊர்வலம். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது கண் அசந்து, ரவுண்டானாவைச் சுற்றாமல் நேராக அதன்மேலேயே ஏறிப் பூச்செடிகளுக்கு நடுவில் போய் நின்றார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எதிரே லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனைவி சாந்தாமணி அம்மா அழுத அழுகையில்தான், ஹாலின் ஜன்னல் பக்கத்தைத் தடுத்து ஒரு தூங்கும் அறை போடுவது என்று முடிவானது.

குவார்ட்டர்ஸ் கம்பெனி சொத்து. செங்கல் வைக்க முடியாது. அட்டைச் சுவர் என்றால் ரிட்டயர் ஆகும்போது கழற்றிவிடலாம். இருவரும் கடைக்கு வந்தார்கள். சத்தம் போகாமல் இருக்க உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும், இணைப்பு சரியாக இல்லாவிட்டால் விரிசல் விடும் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். "பாயே வந்து போட்டுட்டாத் தேவலைங்க" என்றார் அந்த அம்மா. கந்தசாமி சார் ஒரு போர்டைத் தூக்கிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் பெல்ட்டுக்கே ஜாயிண்ட் போடறவன் பாய். இந்த அட்டைக்கு ஆள் வெச்சேன்னு தெரிஞ்சா செக்‌ஷன்ல சிரிப்பாங்க. பொருள மட்டும் அனுப்பி வைங்க."

திருகுப் பஞ்சம்

பொருளை அனுப்பிய மறுநாள் இன்னும் திருகு வேண்டும் என்று போன் வந்தது. கொடுத்தனுப்பினேன். அடுத்த நாளும் வந்தது. ஒரு சுவருக்கு இவ்வளவு திருகு எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகவே நானும் கொளஞ்சியும் நேரில் போனோம். கொளஞ்சி என்னோடு வேலை செய்பவன். கம்மாபுரம் பக்கத்துக்காரன், முன்பு சுரங்கத்தில் கான்ட்ராக்ட்டில் இருந்தவன். கைவேலை சுத்தம், வாய் அவ்வளவு சுத்தமில்லை.

வீட்டில் ஒரு மெயின்டனன்ஸ் பிரிவே இறங்கியிருந்தது. கந்தசாமி சாரின் கூட்டாளிகள் ஹெல்மெட்டும் ஷூவுமாக நின்றார்கள். ஒருவர் பாதுகாப்பு பெல்ட் மாட்டி, அதன் கொக்கியை ஃபேன் மாட்டும் கம்பியில் கோத்து, சமையல் மேடைக்குப் போடுகிற முக்காலிமேல் ஏறியிருந்தார். போர்டில் இரண்டு விரற்கடைக்கு ஒரு திருகு. இன்னும் கொஞ்சம் போட்டால் போர்டே தேவையில்லை, திருகே சுவராக நிற்கும். சாந்தாமணி அம்மா எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு, முந்தின டீயின் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போனார். "சார், ஒரு சாணுக்கு ஒண்ணு போட்டா போதும் சார், அட்டதான, எங்க ஓடிடப் போவுது?" என்று கொளஞ்சி கேட்டான். முக்காலிமேல் இருந்தவர் கீழே பார்த்துச் சொன்னார்: "மைன்ஸ்ல ஒரு போல்ட்டு கழண்டா பெல்ட்டே நின்னுரும் தம்பி. வெளிய வேலை பாக்கற உங்களுக்கு அந்த ரிஸ்க் எல்லாம் புரியாது."

ரிலீவர் பார்த்துக்குவான்

நகரியத்தில் கூட்டாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிடைக்க மாட்டார்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்கள் சாயங்காலம் வந்து சட்டம் நிறுத்தினார்கள். செகண்ட் ஷிப்ட் ஆட்கள் மறுநாள் காலையில் வந்து போர்டு அடித்தார்கள். ஜெனரல் ஷிப்ட் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பூச்சுக்கு வருவதாக ஏற்பாடு. ஷிப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: நம் நேரம் முடிந்துவிட்டால் மிச்சத்தை அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார். சட்டம் நிறுத்தியவர்கள், கதவுக்கான இடத்தைப் போர்டு அடிப்பவர்கள் விட்டுக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். போர்டு அடித்தவர்கள், பூச்சுக்காரர்கள் வெட்டிக்கொள்வார்கள் என்று நினைத்தார்கள். மொத்தத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இடைவெளியே இல்லாமல் அடித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

மத்தியானம் சாந்தாமணி அம்மாவிடமிருந்து எனக்குப் போன். நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷன், வேலை நடக்கும்போது வீட்டில்தான் இருந்தார், இப்போது காணவில்லை. கூட்டாளிகளோடு டீக்கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்து அவருடைய போனுக்கு அடித்திருக்கிறார். மணி சுவருக்குள்ளிருந்து கேட்டதாம். நாங்கள் அரக்கப்பரக்க ஓடினோம். வெளிப்பக்கமாகச் சுற்றிப்போய் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால், உட்பக்கமிருந்து போர்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த கந்தசாமி சார், கடைசித் திருகு ஏறியதும் அப்படியே தரையில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். போன் தலைமாட்டில் அடித்துக்கொண்டேயிருக்கிறது. ஒட்டடைக் குச்சியை நுழைத்துக் குத்தியதும்தான் எழுந்தார். கதவு வெட்டுவதற்காகக் கொளஞ்சி ரம்பத்தை எடுத்தான். அவர் நாலு பக்கமும் பார்த்தார், நிலைமை புரிந்தது, மறுபடியும் படுத்துக்கொண்டார். "யாரும் வந்து எழுப்ப முடியாத எடம் இப்பத்தான் கெடைச்சிருக்கு பாய். வெட்டறது வெட்டறீங்க, ஆறு மணிக்கு மேல வெட்டுங்க."

படி வைத்த சுவர்

இவ்வளவுக்குப் பிறகு வேலை நம்மிடம் வந்துவிடும் என்று நினைத்தேன். கதவு வெட்டியதற்கு நன்றி சொல்லி எங்களை அனுப்பிவிட்டு, இணைப்பு வேலையை அவரே ஆரம்பித்தார். பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடும்போது ஒரு முனையைச் சீவி இன்னொரு முனையின்மேல் ஏற்றி ஒட்டுவார்கள். அதே சாஸ்திரப்படி, அடித்திருந்த போர்டுகளைக் கழற்றி, ஒவ்வொரு போர்டின் விளிம்பையும் அடுத்த போர்டின்மேல் ஏற்றி அடித்து முடித்தார். சுவர் தரையிலிருந்து மேலே வரை படிப்படியாக நின்றது. ஏணி இல்லாமலே ஏறி ஒட்டடை அடிக்கலாம். அந்தப் படியை மறைக்கப் பட்டிப் பூச்சை அப்பி, அதைத் தேய்த்ததில் கிளம்பிய வெள்ளைத் தூள் இட்லி மாவு முதல் பிள்ளைகள் புத்தகம் வரை படிந்துவிட்டது. நான் எட்டிப் பார்க்கப் போன அன்று சாந்தாமணி அம்மா துடைப்பத்தை ஊன்றியபடி நின்ற இடத்திலேயே கண்ணை மூடியிருந்தார். தூள் கண்ணில் பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சுவர் எப்படி இருக்கிறது என்று கந்தசாமி சார் கேட்டபோது, ரிட்டயர் ஆகும்போது எளிதாகக் கழற்றலாம் என்று மட்டும் சொல்லித் தப்பித்தேன். வெளியே வந்ததும் கொளஞ்சி பீடியைப் பற்றவைத்தான். "நாமல்லாம் டெம்பரவரி ஆளுங்க பாய், பர்மனென்ட்டா நிக்கற செவுரு போட்டுகினு இருக்கறோம். அவுரு பர்மனென்ட்டு ஆளு. செவுரு டெம்பரவரியா இருந்தா அவுருக்கு இன்னா?"

குக்கர் விசில்

அடுத்த நைட் ஷிப்ட் வாரம் வந்தது. அறை தயார். கந்தசாமி சார் படுத்தார். குக்கர் விசில் அடித்தது. அட்டைக்குள் பஞ்சு வைக்காததாலும், மேலே நாலு விரல் இடைவெளி விட்டிருந்ததாலும், விசில் முன்பைவிடக் கணீரென்று கேட்டதாம். மத்தளத்துக்குள் தலையை வைத்துப் படுத்த கதைதான். அந்த வாரக் கடைசியில் அவர் வேலைக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே தூங்கி, கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, நெற்றி நிறைய பிளாஸ்திரியோடு ஷிப்ட்டுக்குப் போனார். ஓடுகிற பெல்ட் பக்கத்தில் நின்று வேலை செய்கிற ஆளுக்கு இது விளையாட்டு இல்லை.

சாந்தாமணி அம்மா இந்த முறை தனியாகக் கடைக்கு வந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். சொந்தமாகப் போடுவதா, ஆள் வைத்துப் போடுவதா என்று வீட்டில் ஒரு மாதமாக நடந்த விவாதத்தை அவரே முடித்துவிட்டு வந்திருந்தார். சார் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். "அவுரு பெல்ட்ட அவுரு பாக்கட்டுங்க பாய், செவுத்த நீங்க பாருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. அந்தக் கதவச் சாத்தினா வெளிய நடக்கறது ஒண்ணுங் காதுல விழக் கூடாது, அவ்வளவுதானுங்க."

நாளைக்கு

இதுவரை சிரிப்புக்கு ஆளான வாடிக்கையாளர்களே, இப்போது சிரிக்கலாம். தொழில்காரர்கள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். எங்கள் தொழிலின் முதல் பாடம், பழையதை உடனே பிரித்துப் போடுவது. பிரித்துப் போட்டுவிட்டால் வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடிப் போக மாட்டார். இரண்டாவது பாடம், பிரித்துப் போட்ட கையோடு இன்னொரு வீட்டு வேலைக்குப் போவது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது எங்களுக்காகவே சொன்னது. கந்தசாமி சார் வீட்டுப் படிச் சுவரை ஒரே காலையில் பிரித்து ஹாலில் சாத்திவைத்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்றோம். நாளைக்குப் பண்ருட்டியில் ஒரு துணிக்கடை சீலிங். அடுத்த நாளைக்குக் கொளஞ்சிக்கு ஊரில் காதுகுத்து. அதற்கடுத்த நாளைக்கு நான் போனை எடுக்கவில்லை.

ஒருவழியாகப் போய் நின்றபோது ஹாலில் போர்டுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை போட்டு அந்தக் குடும்பம் நடமாடிக்கொண்டிருந்தது. சாந்தாமணி அம்மா டீ வைக்கப் போனார். கந்தசாமி சாருக்கு நெற்றிக் காயம் ஆறியிருந்தது, கோபம் ஆறவில்லை. வாசற்படியை மறித்து நின்றுகொண்டு அமைதியாகக் கேட்டார்: "நாங்க தப்பாப் போட்டாலும் மூணு ஷிப்டும் வந்து போட்டோம் பாய். நீங்க ஒரு ஷிப்டுக்குமே வரலியே?"

சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினோம். அவர் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்தார், பாதி நேரம் அதிலேயே தூங்கினார். பஞ்சு அடைத்து, இடைவெளி அடைத்து, இணைப்பு தெரியாமல் பூசி, ரப்பர் விளிம்பு வைத்த கனமான கதவும் உட்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தோம். நான் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே டிவியை முழுச் சத்தத்தில் வைக்கச் சொன்னேன். கிணற்றுக்குள் ஊசி விழுந்த மாதிரிகூடக் கேட்கவில்லை. எனக்கே அங்கே படுத்துக்கொள்ளத் தோன்றியது.

தானாக விழுந்த தாழ்ப்பாள்

புது அறையில் அவர் தூங்க வேண்டிய முதல் காலை. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் எனக்குப் போன் செய்தார். கதவு திறக்கவில்லை, உள்தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது, இதுதான் தொழில்காரர் வேலையின் லட்சணமா என்று கேட்டார். வீட்டில் யாருமில்லையா என்றேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், சாந்தாமணி கோயிலுக்குப் போயிருப்பாள் என்றார். எனக்கு மானப் பிரச்சினை. கொளஞ்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. சமையலறையில் அடுப்பு ஜில்லென்றிருந்தது. பிள்ளைகள் தாங்களே பிஸ்கெட்டைப் பிரித்துத் தின்றுவிட்டுப் போன தாள் மேடைமேல் கிடந்தது. கோயிலுக்குப் போனவரின் செருப்பு வாசலிலேயே இருந்தது. கந்தசாமி சார் கதவை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். நான் போட்ட கதவு ஒரு சத்தத்தையும் உள்ளே விடவில்லை. மூவரும் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனோம். அவருக்காக வாங்கிய புது மெத்தையில் சாந்தாமணி அம்மா ஒருக்களித்துக் கன்னத்துக்குக் கீழே கையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபேன் காற்றில் புடவைத் தலைப்பு ஆடியது, வேறு எதுவும் அசையவில்லை.

கந்தசாமி சார் சுவரோரம் இருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்தார். ஜன்னல் வரை கொண்டுபோனார். பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கி ஓரமாகச் சாத்திவிட்டார். உள்ளே வந்து, கண் சிவக்கச் சமையலறையில் நின்று எல்லா டப்பாவையும் திறந்து மூடினார். மலை மாதிரி பெல்ட்டைப் பிரித்து மாட்டுகிறவர், டீத்தூள் எந்த டப்பாவில் இருக்கும் என்று என்னிடம் கேட்டார். எனக்கெப்படித் தெரியும்? கேட்டதற்கப்புறம்தான் என் வீட்டு டீத்தூள் எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது என்று உறைத்தது. கடைசியில் செல்போனில் வீடியோ பார்த்து அரிசி களைந்து வைத்தார். விசில் வரும் நேரத்தில் மூன்று ஆண்களும் குக்கரை முறைத்துக்கொண்டு நின்றோம். கந்தசாமி சார் ஒரு துணியை எடுத்து விசில்மேல் போர்த்தப் போனார். கொளஞ்சி கையைப் பிடித்து நிறுத்தினான்.

வெயில் ஏறிய பிறகு கதவு திறந்தது. அந்த அம்மா எங்களைப் பார்த்துப் பதறவில்லை, அடுப்பைப் பார்த்தார், குழைந்து கிடந்த சோற்றைப் பார்த்தார், கொட்டாவி விட்டுக்கொண்டே முடியை அள்ளி முடிந்தார். தாழ்ப்பாள் கெட்டுப்போனதென்று நினைத்து வந்தோம் என்று நான்தான் இழுத்தேன். "கெடலைங்க பாய், நான்தான் போட்டேன். அவருக்கு மாசத்துல ஒரு வாரந்தானுங்க நைட் ஷிப்டு. எனக்கு மூணு ஷிப்டும்."

அதனால், சொந்தமாகச் செய்வதா ஆள் வைத்துச் செய்வதா என்று என் கடைக்கு வந்து கேட்கிறவர்களிடம், இதுவரை உங்கள் வீட்டில் ஆள் வைக்காமலே எல்லா வேலையும் நடந்துகொண்டிருக்கிறதே, அதைச் செய்கிறவர் கடைசியாக எப்போது தூங்கினார் என்று முதலில் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றுதான் இப்போதெல்லாம் சொல்லியனுப்புகிறேன்.